கலாம்சே: கானாவுல ஆறெல்லாம் ஏன் சேறா ஓடுது?

2025 ஆகஸ்ட் 6ம் தேதி மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவுல ஒரு ராணுவ ஹெலிகாப்டர் காட்டுக்குள்ள விழுந்து 8 பேர் இறந்தாங்க. அதுல பாதுகாப்பு அமைச்சர் எட்வர்ட் ஓமானே போவாமாவும் சுற்றுச்சூழல் அமைச்சர் இப்ராஹிம் முர்தலா முகமதுவும் இருந்தாங்க. அவங்க போய்க்கிட்டிருந்தது ஒபுவாசிங்கிற தங்கச் சுரங்க ஊருக்கு, சட்டவிரோதமா தங்கம் தோண்டுறதை (அங்க இதுக்கு கலாம்சேன்னு பேரு) கட்டுப்படுத்துறது சம்பந்தமான ஒரு நிகழ்ச்சிக்கு. இந்த செய்தி வந்தப்போ நிறைய பேருக்கு ஒரே குழப்பம்: நாலு பேர் மண்வெட்டி வச்சுக்கிட்டு ஆத்தங்கரையில தங்கம் அரிக்கறதுக்கு எதுக்கு ரெண்டு அமைச்சர் போகணும், எதுக்கு ராணுவம், பிடிச்சு உள்ள போட்டா முடிஞ்சுதே?

முடியாது. ஏன் முடியாதுன்னு புரியணும்னா மண்ணுல இருந்து தங்கம் எப்படி பிரியுதுங்கறதுல ஆரம்பிச்சு, அந்த தங்கத்தை யார் வாங்கறாங்கங்கற வரைக்கும் போகணும்.

முதல்ல சில வார்த்தைகள்

1. சிறு அளவு தங்கச் சுரங்கம்: பெரிய கம்பெனி இல்லாம தனி ஆளுங்களோ சின்ன குழுக்களோ தங்கம் எடுக்கறது. உலகத்துல 70க்கும் மேற்பட்ட நாடுகள்ல இது நடக்குது, 1 கோடியிலிருந்து 2 கோடி பேர் வரைக்கும் இதை நம்பி வேலை பாக்கறாங்கன்னு ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட கணக்கு. உலகத்துல வருஷா வருஷம் புதுசா தோண்டி எடுக்கற தங்கத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு இவங்க கையால வர்றதுதான். கானாவுல மட்டும் 10 லட்சம் பேருக்கு மேல நேரடியா இதுல இருக்காங்க.

2. கலாம்சே: 'கேதர் தெம் அண்ட் செல்', அதாவது பொறுக்கி எடுத்து வித்துடுங்கற ஆங்கில வார்த்தைகள் கானா மக்கள் வாயில தேஞ்சு உருவான சொல். முன்னாடி கையால தோண்டுற சின்ன ஆளுங்களை மட்டும் சொன்னாங்க, இப்போ லைசென்ஸ் இல்லாம நடக்கற எல்லா தங்கத் தோண்டலுக்கும் இதுதான் பேரு.

3. லைசென்ஸ் உள்ள சிறு சுரங்கம்: இது சட்டப்படி சரியான தொழில். கானா குடிமக்கள் மட்டும்தான் வாங்க முடியும், அதிகபட்சம் 25 ஏக்கர். செய்திகள்ல இதையும் கலாம்சேயையும் ஒண்ணா போட்டு குழப்பறாங்க, ரெண்டும் வேற வேற.

4. வண்டல் தங்கம்: லட்சக்கணக்கான வருஷமா மழையில பாறை கரைஞ்சு உடைஞ்சு, அதுக்குள்ள இருந்த தங்கம் ஆத்துப் படுகையிலயும் பழைய ஆறு ஓடின இடத்துலயும் பொடிப் பொடியா படிஞ்சிருக்கறது. இதுதான் ஆத்துக்கும் சுரங்கத்துக்கும் உள்ள தொடர்பே, இந்த தங்கம் இருக்கற இடமே ஆத்தோரம்தான்.

5. அமால்கம்: பாதரசமும் தங்கமும் சேர்ந்து ஒட்டிக்கிட்ட கலவை. பாதரசம் மணலை ஒட்டாது, தங்கத்தை மட்டும் பிடிச்சுக்கும்.

6. கலங்கல் அளவு: தண்ணி எவ்வளவு கலங்கியிருக்குன்னு ஒளியை விட்டு அளக்கறது, என்டியூன்னு ஒரு அலகு. குடிக்கற தண்ணி 5க்கு கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இந்த 5ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒரு சவரனுக்கு எவ்வளவு மண்ணு?

ஒரு டன் மண்ணுல 1 கிராம் தங்கம் இருந்தா அது நல்ல படிவம், பல இடத்துல அதுவும் கிடையாது. ஒரு சவரன் 8 கிராம், அப்போ 8 டன் மண்ணை அலசணும், அதுவும் இருக்கற தங்கம் முழுசும் கைக்கு வந்தா. இந்த முறையில பாதி வந்தாலே பெருசு, அதனால 16 டன்னுனு வச்சுக்கோங்க, ஒரு டிப்பர் லாரி நிறைய மண்ணு. அந்த படிவத்துக்கு மேல கிடக்கற மண்ணை இன்னும் கணக்குல சேக்கவே இல்ல.

வேலை நடக்கற விதம் இப்படி:

1. மரத்தை வெட்டி சாச்சுட்டு எக்ஸ்கவேட்டர் வச்சு (நம்ம ஊர்ல பொக்லைன், ஹிட்டாச்சின்னு சொல்றோமே அதேதான்) மேல்மண்ணை வழிச்சு ஒதுக்கறாங்க. சில மீட்டர் கீழ போனா கூழாங்கல்லும் மணலும் கலந்த ஒரு படிவம் வரும், தங்கம் அதுலதான்.

2. ஆத்துல இருந்து டீசல் பம்ப் வச்சு தண்ணி இழுத்து, சரிவா நிக்கற ஒரு நீளமான தொட்டி மேல மண்ணை கொட்டி அடிக்கறாங்க. தொட்டி அடியில கம்பளம் விரிச்சிருக்கும். தங்கம் தண்ணியை விட 19 மடங்கு கனம், மணல் ரெண்டரை மடங்குக்கு கொஞ்சம் மேல அவ்வளவுதான், அதனால மணலும் களிமண்ணும் அடிச்சுக்கிட்டு போயிடும், தங்கப் பொடி கம்பளத்து இழையில சிக்கிக்கும்.

3. சாயங்காலம் கம்பளத்தை ஒரு டப்புல அலசுவாங்க. அடியில ஒரு கைப்பிடி கருமணல் நிக்கும், அதுக்குள்ள கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாமலும் தங்கம்.

4. அதுல பாதரசத்தை ஊத்தி வெறுங்கையால பிசையறாங்க. அரிசியில கல்லு அரிக்கற மாதிரி தட்டை சுத்தி சுத்தி மணலை வெளிய தள்ளிட்டு, மிச்சத்தை ஒரு துணியில வச்சு முறுக்கி பிழியறாங்க. ஒட்டாத பாதரசம் துணி வழியா சொட்டி வரும், அதை திரும்ப பாட்டில்ல ஊத்திக்குவாங்க. துணிக்குள்ள கோலிக்குண்டு சைஸ்ல வெள்ளி நிறத்துல ஒரு உருண்டை, இதுல பாதிக்கு பாதி பாதரசம்.

5. அந்த உருண்டையை கரண்டியிலயோ தகரத்துலயோ வச்சு அடுப்புல, இல்ல கேஸ் டார்ச்ல சூடு காட்டுவாங்க. பாதரசம் 357 டிகிரியில கொதிச்சு ஆவியாகும். புகைன்னு பெருசா ஒண்ணும் தெரியாது, நெடியும் கிடையாது. கொஞ்ச நேரத்துல வெள்ளி நிறம் போய் மஞ்சளா, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா தங்கம் நிக்கும். வீட்டு வாசல்ல, சமையல் பண்ற இடத்துக்கு பக்கத்துலயே இதை பண்றவங்க உண்டு.

ஆவியாகாம ஒட்டிக்கிட்டிருக்கற மிச்ச பாதரசத்தோடதான் அந்த தங்கம் கடைக்கு போகும். கடைக்காரர் எடை போடறதுக்கு முன்னாடி திரும்ப உருக்குவார், அந்த மிச்சம் ஊர் நடுவுல கடைத்தெருவுல போகும். அதனால சுரங்கத்துப் பக்கமே போகாத ஒரு டெய்லரோ, பக்கத்து கடையில உக்காந்திருக்கற அம்மாவோ கூட இதை சுவாசிக்கறாங்க.

முதல் அடி: சேறு

பாதரசம்னு சொன்னா தலைப்பு நல்லா வரும்ங்கறதால செய்தியெல்லாம் அதையே பேசுது, ஆனா ஊரை முதல்ல அடிக்கறது களிமண்ணுதான். மேல சொன்ன ரெண்டாவது படியில அடிச்சுக்கிட்டு போற களிமண்ணு நேரா ஆத்துலதான் கலக்குது. கூழாங்கல் அங்கேயே விழுந்துடும், மணல் கொஞ்ச தூரத்துல படிஞ்சுடும், களிமண் துகள் மட்டும் லேசுல படியாது, நாள் கணக்கா தண்ணியிலயே மிதந்துக்கிட்டு கடல் வரைக்கும் போகும். அதுவும் போதாதுன்னு ஆத்து நடுவுலயே மிதவை போட்டு, மெஷின் வச்சு படுகையை உறிஞ்சி எடுக்கறாங்க, சாங்ஃபான்னு அங்க சொல்ற சீன மெஷின். ப்ரா, ஆஃபின், அன்கோப்ரா, பிரிம், இந்த நாலு ஆறும் இன்னைக்கு மேல இருந்து பாத்தா பால் விட்ட டீ கலர்ல ஓடுது.

2024 ஆகஸ்ட்ல கானா தண்ணீர் கம்பெனி ஒரு அறிக்கை விட்டுச்சு. ப்ரா ஆத்துல செக்யேரே ஹெமாங்குங்கற இடத்துல ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கு, கேப் கோஸ்ட், எல்மினா ஊர்களுக்கு அங்க இருந்துதான் தண்ணி போகுது. அந்த நிலையத்தை கட்டினப்போ 2,000 என்டியூ வரைக்கும் கலங்கின தண்ணியை சுத்தம் பண்ணலாம்னு டிசைன் பண்ணாங்க. வந்துக்கிட்டிருந்தது சராசரியா 14,000. குடிக்க வேண்டிய அளவு 5ன்னு மேல சொன்னேன்ல, அதோட வச்சு பாருங்க.

கலங்கின தண்ணிக்கு நம்ம கிராமத்துல தேத்தாங்கொட்டையை உரசி விடுவாங்க, இல்ல படிகாரம் போடுவாங்க, அழுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கீழ படியும். சுத்திகரிப்பு நிலையத்துலயும் அதே தத்துவம்தான், படிகாரம்தான். ஆனா கலங்கல் ஏழு மடங்கானா வெறுமனே படிகாரத்தை கூட்டிப் போட்டா சரியாயிடாது:

1. படியற சேறு தொட்டியை அடைச்சுடும், நிலையத்தை அடிக்கடி நிறுத்தி கழுவணும், கழுவறதுக்கும் தண்ணி வேணும்.
2. தண்ணி எடுக்கற இடத்துலயே மண்ணு மூடிடும், ஆழம் போயிடும்.
3. மணல் கலந்த தண்ணி பம்ப்போட உள்பாகத்தை அரிச்சு தின்னுடும்.
4. கடைசியில ஊருக்கு போற தண்ணி குறையும், அதோட செலவும் கூடும்.

டவுன்ல இருக்கறவங்களுக்காவது குழாய்ல தண்ணி வரலைன்னு கேக்க ஒரு ஆபீஸ் இருக்கு. கிராமத்துல நேரா ஆத்துல மொண்டு குடிச்சவங்க நிலைமைதான் ரொம்ப மோசம். காசில்லாம கிடைச்சுக்கிட்டிருந்த தண்ணிக்கு இப்போ பாக்கெட் தண்ணி காசு குடுத்து வாங்கணும், இல்ல தூரத்து போர்வெல்லுக்கு குடத்தோட நடக்கணும், நடக்கறது பொம்பளைங்களும் பிள்ளைங்களும். மீன் பிடிச்சு பொழைச்சவங்களுக்கு மீனும் போச்சு, வெளிச்சம் உள்ள போகாத தண்ணியில பாசி வளராது, பாசி இல்லைன்னா மீனுக்கு தீனி இல்ல, மீனோட செவுள்லயும் சேறு அடைக்கும்.

அப்புறம் குழி. தோண்டி முடிச்சதும் மூடாம அடுத்த இடத்துக்கு போயிடறாங்க. சட்டப்படி மேல்மண்ணை தனியா எடுத்து வச்சு, கடைசியில அதை மேலேயே போட்டு மூடி மரம் நடணும். இவங்க பண்றதுல எல்லாம் தலைகீழா போயிடுது, அடியில இருந்த கல்லும் மணலும் மேல, விளைச்சல் குடுக்கற மண்ணு அடியில, இல்ல ஆத்துல. மழை பெஞ்சா அந்த குழியெல்லாம் குளம் ஆகுது. பாக்க தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்கும், கரை சரிவா இல்லாம செங்குத்தா இருக்கும், குழந்தைங்க இறங்கினா ஏற முடியாது. அப்படி போன உயிர்கள் நிறைய. கொசுவுக்கும் அதுவே வீடு, மலேரியா அங்க லேசா எடுத்துக்கற விஷயம் இல்ல.

ரெண்டாவது அடி: பாதரசம்

இங்க ஒரு குழப்பத்தை தீத்துடணும். சேறும் பாதரசமும் ஒண்ணு இல்ல. கலங்கின தண்ணியில பாதரசம் கம்மியா இருக்கலாம், தெளிஞ்சு நிக்கற குழியில நிறைய இருக்கலாம், கண்ணால பாத்து சொல்லவே முடியாது. காய்ச்சி குடிச்சா போதுமான்னு கேக்கறாங்க, காய்ச்சறது கிருமியை கொல்லும், உலோகத்தை எடுக்காது. படிகாரம் போட்டு தெளிய வச்சாலும் பாதரசம் முழுசா போயிடுச்சுன்னு நம்ப முடியாது.

பாதரசம் மனுஷன் உடம்புக்குள்ள வர்றது ரெண்டு வழியில:

1. ஆவியா. உருண்டையை சூடு காட்டறவர் மூச்சுல இழுக்கறது. நுரையீரல் வழியா ரத்தத்துக்கு போய் நரம்பையும் கிட்னியையும் பாதிக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, ஞாபக மறதி, எரிச்சல், இப்படி ஆரம்பிக்கும். மெதுவா வர்றதால வயசாயிடுச்சு, குடிக்கறான், மலேரியா வந்து போன அசதின்னு வேற வேற பேர் சொல்லி விட்டுடறாங்க.

2. மீன் வழியா. ஆத்துல விழுந்த பாதரசம் அடிச்சேத்துல போய் உக்காருது. காத்து இல்லாத அந்த சேத்துல இருக்கற பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமா மாத்துது. சின்ன புழு தின்னுது, புழுவை சின்ன மீன் தின்னுது, அதை பெரிய மீன் தின்னுது, ஒவ்வொரு படியிலயும் அளவு கூடிக்கிட்டே போகும், மேல உக்காந்து சாப்பிடறது மனுஷன். கர்ப்பிணி சாப்பிட்டா நஞ்சுக்கொடி வழியா குழந்தையோட மூளைக்கு போகும். தாய்க்கு ஒரு அறிகுறியும் இல்லாம குழந்தைக்கு பாதிப்பு வரலாம், அதுதான் இதுல ரொம்ப பயமான விஷயம்.

ஜப்பான்ல மினமாட்டாங்கற ஊர்ல ஒரு ரசாயன தொழிற்சாலை மெத்தில் பாதரசத்தை கடல்ல விட்டு, மீன் சாப்பிட்ட மக்கள் பாதிக்கப்பட்டது 1956ல வெளிய தெரிஞ்சுது. அந்த ஊர் பேர்லயே 2013ல மினமாட்டா உடன்படிக்கைன்னு ஒண்ணு போட்டாங்க, 2017 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு, கானாவும் அதுல இருக்கு. மனுஷங்க காத்துல விடற பாதரசத்துல 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கத்துல இருந்து வருது, நிலக்கரியை விட இதுதான் அதிகம்னு ஐநா கணக்கு போட்டிருக்கு.

அந்த உடன்படிக்கை பாதரசத்தை ஒரே நாள்ல தடை பண்ணலை, அப்படி பண்ணா கள்ளத்தனமா போகும்னு தெரியும். ஆனா நாலு பழக்கத்தை முதல்ல ஒழிக்கணும்னு சொல்லுது:

1. கருமணலா சுருக்காம முழு மண்ணுலயும் பாதரசம் கலக்கறது. இதுல ஒரு பங்கு தங்கத்துக்கு மூணு பங்கு, சில சமயம் அதுக்கு மேலயும் பாதரசம் வீணாகும்.
2. அமால்கத்தை திறந்த வெளியில எரிக்கறது.
3. வீடுகளுக்கு நடுவுல எரிக்கறது.
4. பாதரசம் கலந்த மிச்ச மண்ணுல திரும்ப சயனைடு போட்டு தங்கம் எடுக்கறது.

நாலாவதை கொஞ்சம் பாக்கணும். பாதரசம் பாதி தங்கத்தை விட்டுட்டு போகுதுன்னு சொன்னேன்ல, அந்த மிச்சத்துக்காக மண்ணை வாங்கறதுக்குன்னே ஆள் இருக்காங்க, அவங்க சயனைடு போட்டு தங்கத்தை கரைச்சு எடுப்பாங்க. கோலார் தங்கவயல்ல 2001ல சுரங்கம் மூடின பிறகும் சயனைடு மண்மேடு மலை மலையா நிக்குது, காத்தடிச்சா தூசி ஊருக்குள்ள வர்றதை அங்க வேலை பாத்த தமிழ்க் குடும்பங்க இன்னைக்கும் சொல்லும். அது சயனைடு மட்டும். இங்க சயனைடு மண்ணுல கிடக்கற பாதரசத்தையும் கரைச்சுக்கிட்டு தண்ணியோட தூரமா இழுத்துக்கிட்டு போகும், அதனாலதான் இந்த ரெண்டும் சேர்றது தனித்தனியா இருக்கறதை விட மோசம்.

எல்லா ஊர்லயும் வில்லன் பாதரசம்தான்னும் இல்ல. 2010ல நைஜீரியாவுல சம்ஃபாரா மாநிலத்துல 400 குழந்தைங்களுக்கு மேல இறந்தாங்க, அது ஈயத்தால. அங்க தங்கப் பாறையில ஈயம் நிறைய இருந்துச்சு, அந்த பாறையை மாவு அரைக்கற மெஷின்ல, வீட்டு வளாகத்துலயே அரைச்சாங்க, தூசி வீட்டு முற்றத்துல படிஞ்சுது, தவழற குழந்தை கையை வாயில வச்சுது. ஒவ்வொரு ஊர்லயும் பூமிக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்காம பொதுவா ஒரு அறிவுரை குடுத்தா உயிர் போகும்ங்கறதுக்கு இது சாட்சி.

விவசாயி ஏன் நிலத்தை குடுக்கறார்?

கோகோ விளையறதுல உலகத்துலயே கானா பல வருஷமா ரெண்டாவது இடத்துல இருந்த நாடு. சாக்லேட்டுக்கு உலகமே நம்பி இருக்கற அந்த தோட்டத்தை வெட்டி குழி தோண்ட குடுக்கறாங்களேன்னு கோபம் வரும். காரணம் இருக்கு:

1. கோகோ செடி வச்சா காய்க்க 3லிருந்து 5 வருஷம் ஆகும். விலையை நிர்ணயம் பண்றது அரசாங்கத்தோட கோகோ வாரியம்தான். மரத்துக்கு தண்டு வீக்க நோய் வந்தா வெட்டித்தான் ஆகணும். தங்கக்காரன் மொத்தமா ஒரு தொகையை கையில வைக்கறான்.

2. நிலத்துக்கு மேல இருக்கறதுதான் விவசாயிக்கு, அடியில இருக்கற கனிமம் அரசாங்கத்துக்குன்னு அரசியல் சட்டமே சொல்லுது. அதனால யாராவது அனுமதியோட வந்தா முழுசா தடுக்கவும் முடியாது, இழப்பீடுதான். இப்பவே வித்தா கொஞ்சம் கூட கிடைக்கும்னு தோணுது.

3. நிறைய பேர் சொந்த நிலத்துல விவசாயம் பண்ணலை. நம்ம ஊர்ல வாரத்துக்கு விடறது மாதிரி அங்க அபுனு, அபுசான்னு முறை இருக்கு, விளைச்சலை பாதியாவோ மூணு பங்காவோ பிரிக்கறது. நிலச் சொந்தக்காரரோ ஊர்த் தலைவரோ வித்துட்டா, 20 வருஷமா மரத்தை வளத்தவருக்கு கையில ஒண்ணும் வராது.

4. பக்கத்து நிலத்துல தோண்டிட்டா நம்ம நிலத்து ஓரமும் சரியும், தண்ணியும் கெடும். நான் மட்டும் பிடிவாதமா இருந்து என்ன ஆகப்போகுதுன்னு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா விடறாங்க.

19,000 ஹெக்டேருக்கு மேல கோகோ நிலம் இப்படி போயிடுச்சுன்னு கோகோ வாரியம் சொல்லியிருக்கு. குழியில வேலை பாக்கறவங்களும் பல பேர் அதே கிராமத்து பசங்கதான், மழை இல்லாத மாசத்துல வேற கூலி கிடையாது. இவங்களை திருடன்னு எழுதறது எனக்கு சரியா படல.

தடை போட்டும் ஏன் நிக்கல?

1. பிரிட்டிஷ் காலத்துல, 1930கள்ல, உள்ளூர் ஆளுங்க பாதரசம் வச்சிருக்கறதையே குற்றமாக்கினாங்க. பல தலைமுறையா தங்கம் எடுத்த மக்கள் ஒரே சட்டத்துல குற்றவாளி ஆனாங்க. 1989லதான் சிறு சுரங்கத்தை சட்டபூர்வமாக்கி, லைசென்ஸ் உள்ளவங்க பாதரசம் வாங்கலாம்னும் சட்டம் வந்துச்சு.

2. 2008க்கு அப்புறம் தங்க விலை ஏற ஏற, சீனாவோட குவாங்ஷி பகுதியில ஷாங்லின்னு ஒரே ஒரு மாவட்டத்துல இருந்து ஆயிரக்கணக்கான பேர் எக்ஸ்கவேட்டரோட வந்து இறங்கினாங்க. சட்டப்படி வெளிநாட்டுக்காரர் சிறு சுரங்கம் பண்ணக்கூடாது, அதனால உள்ளூர்க்காரர் பேர்ல லைசென்ஸ், பணமும் மெஷினும் அவங்களோடது. 2013ல 4,500க்கும் மேல சீனர்களை திருப்பி அனுப்பினாங்க. ஆள் போனாங்க, மெஷினும் முறையும் தங்கிடுச்சு. ஆத்தோட நாசம் நிஜமா பெருசானது இதுக்கு அப்புறம்தான், ஏன்னா ஒரு மெஷின் ஒரு நாள்ல தோண்டறதை பத்து பேர் மண்வெட்டியால மாசக்கணக்குல தோண்டணும்.

3. 2017 ஏப்ரல்ல எல்லா சிறு சுரங்கத்துக்கும் தடை, ராணுவம் இறங்குச்சு. 2018 டிசம்பர் வரைக்கும் நீடிச்சுது. லைசென்ஸ் வச்சு ஒழுங்கா பண்ணவங்கதான் வேலையை நிறுத்தினாங்க, ஒளிஞ்சு பண்ணவங்க ராத்திரியில பண்ணாங்க.

4. 2019ல தண்டனையை கூட்டினாங்க, குறைஞ்சது 15 வருஷம், அதிகபட்சம் 25 வருஷம் ஜெயில்.

5. அப்புறம் 2022ல அதே அரசாங்கம் காப்புக்காடுகள்ல சுரங்கத்துக்கு வழி திறக்கற ஒரு விதியை கொண்டு வந்துச்சு. பெரிய எதிர்ப்பு, 2024ல தலைநகர் அக்ராவுல போராட்டம், கைதுகள். ஆட்சி மாறி 2025 கடைசியிலதான் அதை ரத்து பண்ணாங்க.

இதையெல்லாம் வரிசையா வச்சு பாத்தா ஒண்ணு தெரியுது, எல்லா நடவடிக்கையும் தோண்டறவன் மேலேயே விழுந்திருக்கு. குழியில நிக்கற பையனை பிடிக்கறது சுலபம். எக்ஸ்கவேட்டருக்கு பணம் போட்டவர், பாதரசத்தை கடனா குடுத்து தங்கமா திரும்ப வாங்கறவர், தங்கத்தை எல்லை தாண்டி அனுப்பறவர், இவங்க மேல கை வைக்கறது கஷ்டம், அதனால நடக்கலை.

வாங்கற பக்கம் எவ்வளவு முக்கியம்னு காட்ட ஒரு நல்ல உதாரணம் கானாவுலயே இருக்கு. 2019ல சிறு சுரங்க தங்கத்துக்கு 3 சதவீதம் வரி போட்டாங்க. 3 சதவீதம்தானேன்னு தோணும், ஆனா தங்க வியாபாரத்துல லாபமே அந்த அளவுக்குள்ளதான். கணக்குல வர்ற சிறு சுரங்க ஏற்றுமதி சரசரன்னு விழுந்துச்சு. 2022ல வரியை ஒன்றரை சதவீதமா குறைச்சாங்க, ஏற்றுமதி திரும்ப ஏறுச்சு, 2025ல முழுசா எடுத்தாங்க. நடுவுல குழி எதுவும் மூடலை, தங்கம் வேற வழியில வெளிய போயிருக்கு அவ்வளவுதான். 5 வருஷத்துல 229 டன் தங்கம் கானாவுல இருந்து கணக்கில்லாம போயிருக்கு, பெரும்பகுதி துபாய் பக்கம்னு சுவிஸ்எய்ட் அமைப்பு 2025ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு.

2025ல கானா தங்க வாரியம்னு ஒண்ணை புதுசா ஆரம்பிச்சு, சிறு சுரங்க தங்கத்தை அது மட்டும்தான் வாங்கி ஏற்றுமதி பண்ணலாம், வெளிநாட்டுக்காரர் உள்ளூர் சந்தையில வாங்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. எனக்கு இதுவரைக்கும் வந்ததுலயே அர்த்தமுள்ளதா தெரியறது இதுதான், ஏன்னா இதுல பிடி, தங்கத்தை வாங்கற இடத்துல விழுது. ஆனா இதுல ஒரு ஆபத்தும் இருக்கு: எந்த குழியில இருந்து வந்துச்சுன்னு கேக்காம எடை போட்டு வாங்கினா, கலாம்சே தங்கத்துக்கு அரசாங்கமே ரசீது குடுத்த மாதிரி ஆயிடும்.

மாத்து வழி இல்லையா?

இருக்கு, அதுவும் ரொம்ப சாதாரணமா. ரிட்டார்ட்டுன்னு ஒரு சின்ன மூடின பாத்திரம், பைப் ஃபிட்டிங் வச்சே பண்ணிடலாம். அமால்கத்தை உள்ள வச்சு மூடி சூடு காட்டினா, ஆவி ஒரு குழாய் வழியா போய் தண்ணியில குளிர்ந்து திரும்ப பாதரசமாவே சொட்டும், சாராயம் காய்ச்சற அதே தத்துவம். ஒழுங்கா பண்ணா 90 சதவீதத்துக்கு மேல பிடிச்சுடலாம், பாதரசம் வாங்கற காசும் மிச்சம். அப்புறம் ஏன் பண்ண மாட்டேங்கறாங்க? மூடின பாத்திரத்துக்குள்ள தங்கம் கண்ணுக்கு தெரியாது. நாலு பேர் பங்கு போட நிக்கற இடத்துல, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம அரை மணி நேரம் காத்திருக்க யாரும் தயாரா இல்ல, சந்தேகம் வருது. டெக்னாலஜி பிரச்சனை மாதிரி தெரியறது கடைசியில பாத்தா நம்பிக்கை பிரச்சனை.

பாதரசமே இல்லாம வெண்காரம், அதான் போராக்ஸ், போட்டு உருக்கற முறை பிலிப்பைன்ஸ்ல பெங்கெட் பகுதி மக்கள் ரொம்ப நாளா பண்றாங்க. நம்ம தங்க வேலைக்காரங்க பட்டறையில இருக்கற அதே வெண்காரம்தான். அதுக்கு மணலை இன்னும் நல்லா சுருக்கணும், மணலை குலுக்கி தங்கத்தை பிரிக்கற மேஜை மாதிரி கருவி வேணும், எல்லா வகை மண்ணுக்கும் ஒத்து வராது. கருவி வாங்க கடன் வேணும்னா லைசென்ஸ் வேணும், லைசென்ஸ் வாங்க தலைநகரத்துக்கு அலையணும், செலவு பண்ணணும், மாசக்கணக்குல காத்திருக்கணும். அதனாலதான் லைசென்ஸை சுலபமாக்கறது தளர்த்தறது மாதிரி தெரிஞ்சாலும் அது சுற்றுச்சூழல் வேலைதான்.

நம்ம கடையில இருக்கற தங்கத்துக்கும் இதுக்கும்?

இந்தியாவுக்கு வர்ற தங்கத்துல பெரும்பங்கு சுவிட்சர்லாந்துல இருந்தும் துபாய் இருக்கற அமீரகத்துல இருந்தும் வருது, ரெண்டு இடத்துலயும் தங்கம் விளையலை. ஆப்பிரிக்கா மாதிரி வேற இடங்கள்ல இருந்து போறதை உருக்கி கட்டியாக்கி அனுப்பறாங்க. உருக்கிட்டா ப்ரா ஆத்து தங்கமும் லைசென்ஸ் சுரங்கத்து தங்கமும் ஒண்ணுதான், பிரிக்க வழியில்லை. நம்ம நகையில இருக்கற 916, 2023 ஏப்ரல்ல இருந்து கட்டாயமான ஆறு எழுத்து ஹால்மார்க் எண், இதெல்லாம் எவ்வளவு சுத்தம்னு சொல்லும், எந்த சுரங்கத்துல இருந்து வந்துச்சுன்னு சொல்லாது.

நீலகிரியில பந்தலூர், தேவாலா பக்கம் இதோட சின்ன வடிவம் நம்ம கண்ணு முன்னாடியே இருக்கு. 1880 வாக்குல அங்க தங்கம் இருக்குன்னு லண்டன்ல கம்பெனி மேல கம்பெனியா ஆரம்பிச்சு, சில வருஷத்துலயே எல்லாம் கவிழ்ந்து போச்சு. அவங்க விட்டுட்டு போன சுரங்கப் பொந்துகள்லயும் புதுசா தோண்டின குழிகள்லயும் இன்னைக்கும் உள்ளூர் ஏழைங்க அனுமதியில்லாம இறங்கறாங்க, மண்ணு சரிஞ்சும் மூச்சு முட்டியும் ஆள் இறந்த செய்தி அப்பப்போ வருது, பாதரசமும் பயன்படுத்தறாங்க.

இனிமே கானா செய்தி வந்தா எத்தனை பேரை பிடிச்சாங்க, எத்தனை எக்ஸ்கவேட்டரை எரிச்சாங்கங்கற எண்ணிக்கை பின்னாடி போகாதீங்க, அது 2013லிருந்து வந்துக்கிட்டே இருக்கு. பாக்க வேண்டியது மூணு: தங்க வாரியம் வாங்கற தங்கம் எந்த குழியில இருந்து வந்துச்சுன்னு பதிவு பண்ணுதா, பணம் போட்ட பெரிய ஆள் ஒருத்தராவது 2019 சட்டப்படி 15 வருஷம் உள்ள போனாரா, செக்யேரே ஹெமாங்ல அந்த 14,000 எவ்வளவு இறங்கியிருக்கு. தோண்டறது இன்னைக்கே நின்னாலும் சேறு சில மழைக்காலத்துல கழுவிக்கிட்டு போகும், அடிச்சேத்துல உக்காந்திருக்கற பாதரசம் பல பத்து வருஷம் அங்கேயேதான் இருக்கும், மீனும் அதே ஆத்துலதான் வளரும்.